பசியேட்டில் ஒன்பது வாரங்கள்

இமயனின் பசியேட்டில் இருபத்திரண்டாம் வாரத்திலிருந்து முப்பதாம் வாரம் வரை கறுப்பாக இருந்தது. ஒன்பது கட்டங்கள். அதற்கு முன்னால் வெள்ளை, பின்னாலும் வெள்ளை.

வாசிப்பாளர் பெலிசிட்டா அதைச் சுவர்த்திரையில் பெரிதாக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தூத்துக்குடி ஏடுவாசிப்பகத்தில் அவருக்குப் பதினேழு வருட வேலை. ஒரு வீட்டாரின் முகம் மாறும்போது எந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று பழகியிருந்தார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர். இமயன், அவன் அப்பா சேர்மத்துரை, அம்மா ஜெயக்கனி. அந்தப் பக்கம் கோவில்பட்டியிலிருந்து வந்த பெண் வீட்டார். பூவிழி, அவள் அப்பா செண்பகராஜன், அம்மா சந்தனமாரி. பிள்ளைகள் இரண்டு பேரும் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தில் சேர்ந்து வேலை பார்ப்பவர்கள். இரண்டு வருடப் பழக்கம். செண்பகராஜன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: பையனின் ஏடு வெள்ளையாக இருந்தால் கல்யாணம், கறுப்பு இருந்தால் பேச்சே கிடையாது.

ஏடு கறுத்திருந்தது.

சட்டப்படி சொல்ல வேண்டிய விளக்கத்தைப் பெலிசிட்டா காலையிலேயே சொல்லி முடித்திருந்தார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் முழுப் புத்தகம் இருக்கிறது. கண்ணில் இருக்கும் அணுவிலும் அதே புத்தகம், ஈரலில் இருக்கும் அணுவிலும் அதே புத்தகம். ஆனால் எந்த அணுவும் அதை முழுதாகப் படிப்பதில்லை. தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மற்றவற்றை அரக்கு வைத்து ஒட்டிவிடும். கண் ஏன் பித்தநீர் சுரப்பதில்லை என்றால் அந்தப் பக்கம் அதற்கு ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வயிற்றில் இருக்கும் பிள்ளை வெளியுலகச் சேதியைத் தாயின் ரத்தம் வழியாகத்தான் கேட்கிறது. தாய் பட்டினி கிடந்தால், வெளியே பஞ்சம் போலிருக்கிறது என்று நினைத்துச் செலவழிக்கும் பக்கத்தை ஒட்டிவிட்டுச் சேமிக்கும் பக்கத்தைத் திறந்துகொள்கிறது. அந்த அரக்கு பிறகு அழிவதில்லை. அணு இரண்டாகும்போது அரக்கும் இரண்டாகும். முப்பது வருடம் கழித்துக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒரு முறை ஒற்றி எடுத்தால் போதும். ஏடுவாசி என்ற அந்தக் கருவி, எந்த வாரத்தில் எந்த அரக்கு விழுந்தது என்று சொல்லிவிடும்.

நோய்க்காகச் செய்த கருவிதான். சர்க்கரை வருமா, ரத்தக்கொதிப்பு வருமா என்று முன்கூட்டியே பார்ப்பதற்கு. ஆனால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதில் வேறொன்று தெரிந்துவிட்டது. பையன் நல்லவன் என்று அவன் வீட்டில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். அவனைச் சுமந்தபோது அவன் அம்மாவுக்கு அந்த வீடு சோறு போட்டதா? அதை அந்த அம்மாவிடம் கேட்டால் உண்மை வராது. பையனின் உடம்பிடம் கேட்கலாம். இப்படித்தான் ஜாதகக் கட்டத்தின் இடத்துக்குப் பசியேட்டுக் கட்டம் வந்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றால் மாமியார்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார்கள். அதற்கு ஏட்டுச் சோறு என்றே பெயர் வந்துவிட்டது. இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கோ, நாளைக்கு என் பேரனுக்குப் பெண் கிடைக்க வேண்டாமா என்பார்கள்.

செண்பகராஜன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். சத்தம் போடுகிறவர் இல்லை. விரலால் கட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணாம் வாரம் வெள்ளையாயிருச்சே. வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாக போல."

ஜெயக்கனி ஆமாம் என்றாள்.

"அப்பம் அம்மா வீட்டுல சோறு கெடச்சிருக்கு. இங்கதான் கெடைக்கல."

கட்டம் அப்படித்தான் இருந்தது. தன் வீட்டில் ஒரு பெண்பிள்ளை ஒரு நேரம்கூடச் சாப்பிடாமல் படுத்ததாகச் சரித்திரம் கிடையாது என்று செண்பகராஜன் சொன்னார். தானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வாராம். அதைச் சொல்லும்போது அவர் மனைவி சந்தனமாரி மடியில் இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

இமயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பூவிழி மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

கறுப்பு விழுந்தால் இரண்டு வீட்டாருக்கும் தனித்தனியாக அரைமணி நேரம் கொடுப்பது வழக்கம். பெலிசிட்டா கதவைத் திறந்துவிட்டார். செண்பகராஜன் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போனார். போகும்போதே அவளுக்கு ரெண்டு வடை வை என்று மனைவிக்காகச் சொன்னார். சந்தனமாரி பசிக்கவில்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டாள்.

*

வாசிப்பகத்தின் பின்னால் பூவரச மரத்தடியில் ஒரு பெஞ்சு. மகனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சேர்மத்துரை ஜெயக்கனியோடு அதில் உட்கார்ந்தார். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் பளுத்தூக்கி இயக்கியவர். நாற்பது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்து, லாரியின் மேல் முட்டை வைப்பது போல வைப்பார் என்று பெயர். அந்தக் கை இப்போது பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எங்க அம்மாவா உனக்குச் சோறு போடல?" என்றார்.

"அய்யோ, அத்தைய ஏன் இழுக்கிய. அவிய அப்பம் பக்கவாதத்துல படுத்துட்டாவல்லா. நான்தான அவியளுக்கு ஊட்டுனேன். அந்தக் கோணுன வாயை வச்சுக்கிட்டுத் தினமும் சாப்ட்டியா சாப்ட்டியான்னு கேப்பாவ. சாப்ட்டேன்னு சொல்லுவேன்."

"சாப்பிடலயா?"

அவள் கீழே விழுந்து கிடந்த மஞ்சள் பூ ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"கனி. வீட்டுல அரிசி இருந்துச்சு. பருப்பு இருந்துச்சு. எப்பம் பட்டினி கெடந்த?"

"பட்டினின்னு நெனச்சுக் கெடக்கலீங்க. அதுக்குப் பட்டினின்னு பேரு இருக்கும்னே இன்னைக்குத்தான் தெரியுது."

பிறகு சொன்னாள். காலையில் எதைத் தின்றாலும் குமட்டும். மத்தியானம் அத்தைக்கு ஊட்டும்போது ரெண்டு வாய் போட்டுக்கொள்வாள். ராத்திரிதான் அவள் வயிறு சோறு கேட்கும். ஆறாம் மாதம் தொடங்கும்போது அவருக்கு வேலை இரண்டாம் ஷிப்டுக்கு மாறிவிட்டது. வீட்டுக்கு வரப் பத்தரை ஆகும். அவர் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அவர் வருவார். வாசலிலேயே, நான் சாப்பிட்டேன் கனி, நீ எழும்பாதே, படு என்பார்.

சேர்மத்துரை மனதுக்குள் வாரங்களை எண்ணிப் பார்த்தார். ஷிப்டு மாறியது புரட்டாசி. இருபத்திரண்டாம் வாரம் சரியாக அங்கேதான் வந்து நின்றது.

"நான் உன்னைக் கேப்பேன்லா," என்றார். "நீ சாப்ட்டியான்னு. சாப்ட்டேன்னு சொல்லுவ."

"சாப்பிடலன்னு சொன்னா மறுநா நீங்க கடையில சாப்பிடாம வந்துருவிய. எட்டு மணி நேரம் ஒத்த நாற்காலியில உட்கார்ந்து, வயிறு காஞ்சு போயி வரணுமா? பரோட்டா ரொம்பப் பிடிச்சுத்தான் திங்காவன்னு நெனச்சேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பிடிச்சா தின்னேன்? எனக்கு அப்பமே நெஞ்செரிச்சல். நீ வயித்தைத் தூக்கிக்கிட்டு அடுப்படியில நின்னு எனக்கு ஒண்ணும் சூடாக்கக் கூடாதுன்னு தின்னேன். முப்பது வருசமா அத ஒரு நல்ல காரியம்னு நெனச்சிட்டு இருக்கேன், கனி."

"நல்ல காரியந்தான்," என்றாள் அவள்.

"நான் படுத்ததும் நீயாவது தின்னுட்டுப் படுத்திருக்கலாம்லா."

அவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் பிறந்த வீட்டில் ஒன்பது பேர். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தட்டில் ஒருவர் கை வைத்துத் தின்று வளர்ந்தவள். ஒற்றைத் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தால் சோறு தொண்டையில் நின்றுவிடும். இரண்டு வாய் தின்பாள். மீதிக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். காலையில் அதைப் பார்த்தாலே குமட்டும். ஒன்பது வாரம் இப்படியே போயிருக்கிறது. அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. உள்ளே இருந்தவன் மட்டும் ஒவ்வொரு ராத்திரியையும் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறான்.

சேர்மத்துரை தள்ளி நின்ற மகனைப் பார்த்தார். முப்பது வயதுக்குள் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று போன வருடம் வைத்தியர் சொன்னதிலிருந்து அவன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தான். வெளியே பஞ்சம் என்று நம்பிப் பிறந்த உடம்பு. பஞ்சமே இல்லாத வீட்டில்.

"உள்ள போயி அப்படியே சொல்லிரலாம்," என்றார் கடைசியில்.

"நம்பவா போறாவ?"

"நம்பாட்டா போகுது."

அவள் எழுந்து அவருக்குக் கை கொடுத்தாள். அதற்குள் இமயன் பக்கத்தில் வந்து, என்னம்மா ஆச்சு என்று கேட்டான். ஒண்ணுமில்லடே, உங்கப்பா தின்ன பரோட்டா முப்பது வருசம் கழிச்சுச் செரிக்குது என்றாள் ஜெயக்கனி. சேர்மத்துரைக்குச் சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

*

உள்ளே பெலிசிட்டா படிவத்தை எடுத்து வைத்திருந்தார். கறுப்பு விழுந்த ஏட்டுக்குக் காரணம் எழுத ஒரு பத்தி உண்டு. அதில் முதலில் இருப்பது ‘காலமாகிவிட்ட மூத்தோர்’ என்ற வரி. அந்த மாவட்டத்தில் பட்டினி போட்டவர்கள் எல்லோருமே இறந்துபோன மாமியார்கள்தான். படிவங்களைப் பார்த்தால் உயிரோடு இருக்கும் ஒருவர்கூட யாரையும் பட்டினி போட்டதில்லை.

பெலிசிட்டா குரலைத் தாழ்த்தி ஜெயக்கனியிடம் அதைச் சொன்னார். மாமியார் தவறிவிட்டார் என்று குறிப்பில் இருக்கிறது, அந்த வரியில் ஒரு குறி போட்டால் பெரும்பாலும் பெண் வீட்டார் ஏற்றுக்கொள்வார்கள், போனவர் போய்விட்டார், இனிமேல் அந்த வீட்டில் பயமில்லை என்று சமாதானம் ஆகிவிடும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஒரு குறியால் நடந்த கல்யாணங்களில் பல நன்றாகவே இருந்தன.

ஜெயக்கனி படிவத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். ஒரு குறி போட்டால் அவனுக்குப் பூவிழி கிடைப்பாள்.

"எங்க அத்தை வாய் கோணிக் கெடந்தப்பவும் நான் சாப்ட்டேனான்னு கேட்டவிய," என்றாள். "அவிய பேரை இதுல எழுத மாட்டேன்ம்மா."

நடந்ததை நடந்தபடி சொன்னாள். இரண்டு தட்டு, பத்தரை மணி, பரோட்டா எல்லாம். நடுவில் சேர்மத்துரை ஷிப்டு மாறிய மாதத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லவே அவளுக்குத் தெரிந்தது, வெளியே மரத்தடியில் உண்மையாக இருந்தது இந்த அறைக்குள் வந்ததும் சாக்குப் போல ஒலித்தது.

செண்பகராஜன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்க பொய் சொல்றீகன்னு நான் சொல்லல. ஆனா கொடுமைப்படுத்துன வீட்டுப் பொம்பளைகிட்ட கேட்டாலும் இதையேதான சொல்லுவா? யாரும் ஒண்ணும் செய்யல, எனக்குத்தான் சாப்பாடு இறங்கலன்னு. ரெண்டுக்கும் வித்தியாசத்த நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

நியாயமான கேள்விதான். பெலிசிட்டாவும் இந்தப் பதிலை இதே நாற்காலியில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். அதில் எத்தனை உண்மை, எத்தனை பொய் என்று அவருக்கும் தெரியாது. ஏடு பசியைத்தான் எழுதும். ஏன் பசி என்று எழுதாது.

அப்போது பூவிழி கேட்டாள். "அந்த வித்தியாசத்தச் சொல்ற பக்கம் வேற எதுவும் இல்லையா மேடம்?"

பெலிசிட்டா கொஞ்சம் தயங்கிவிட்டு, இருக்கிறது என்றார். அச்சவேடு என்று பெயர். தாய் பயந்துபோய் இருந்தால் அவள் ரத்தத்தில் ஒரு சுரப்பு ஏறும். அது தொப்புள்கொடி தாண்டிப் பிள்ளைக்கும் போகும். பயத்தை அடக்குவதற்கென்று மூளையணுக்களில் ஒரு பக்கம் உண்டு, வண்டிக்குப் பிரேக் மாதிரி. வெளியே ஆபத்து இருக்கும்போது பிரேக் எதற்கு என்று பிள்ளை அதன் மேல் அரக்கு வைத்துவிடும். அதன் சாயல் கன்னத்து அணுவிலும் விழுந்திருக்கும். அடித்து மிரட்டிப் பட்டினி போட்ட வீடு என்றால் இரண்டு ஏடும் கறுத்திருக்கும். சும்மா சாப்பிடாமல் இருந்தவள் என்றால் பசியேடு மட்டும் கறுத்திருக்கும்.

"அப்ப அதையே எல்லாரும் பாக்கலாமே," என்றான் இமயன்.

யாரும் கேட்பதில்லை என்றார் பெலிசிட்டா. காரணம், அந்த ஏட்டைத் திறப்பதற்கு ஒரு விதி உண்டு. ஒரு வீட்டுக்குத் திறந்தால் இரண்டு வீட்டுக்கும் திறக்க வேண்டும். ரத்தப் பொருத்தத்துக்காகப் பெண்ணின் கன்னத்திலும் பஞ்சு ஒற்றி எடுத்திருக்கிறார்கள். அதுவும் உள்ளேதான் இருக்கிறது. விதியைக் கேட்டதும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள்.

எல்லோரும் செண்பகராஜனைப் பார்த்தார்கள்.

"தாராளமாத் தெறங்க," என்றார் அவர். "எங்க வீட்டுல என்ன இருக்கு மறைக்கிறதுக்கு."

சந்தனமாரி அவரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏடுவாசிக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடமும் சேர்மத்துரை தலையைக் குனிந்தபடி இருந்தார். தான் மனைவியை எப்படி வைத்திருந்தோம் என்று தனக்கே தெரியாதது போல, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். காலையில் இந்த அறைக்குள் வரும்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இப்போது எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. தனக்கே தெரியாமல் அவளுக்கு இன்னும் எத்தனை செய்தோமோ. ஜெயக்கனி மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இமயனின் அச்சவேடு திரையில் வந்தது. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை வெள்ளை. அந்த ஒன்பது வாரங்களிலும் வெள்ளை.

பெலிசிட்டா கண்ணாடியைத் துடைக்கவில்லை. பதினேழு வருடத்தில் முதல்முறையாக ஒரு குடும்பத்தின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"பசியோட இருந்திருக்காங்க. பயம் இல்லாம இருந்திருக்காங்க. இப்படி ஒரு ஏட்டை நான் பார்த்ததில்ல சார்."

சேர்மத்துரை தலையை நிமிர்த்தவில்லை. அவர் முதுகு மட்டும் குலுங்கியது. செண்பகராஜன் எழுந்து வந்து, தோளில் கை வைத்து, தப்பா நினைச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, பொண்ணைப் பெத்தவன் கேட்கத்தான் செய்வான் என்றார். மனதாரத்தான் சொன்னார். தை மாதத்தில் நாள் பார்க்கலாம் என்றும் சொன்னார். பூவிழி இமயனைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது.

விதிப்படி பூவிழியின் ஏடு பாக்கி இருந்தது. அது பெலிசிட்டாவின் மேஜைத்திரையில் வந்து நின்றது. சுவர்த்திரைக்கு அனுப்ப விரலைக் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார். பிறகு உள்ளங்கையால் திரையை மறைத்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்ததால் ஜெயக்கனிக்கு மட்டும் அது தெரிந்துவிட்டது. பசியேடு பால் போல வெள்ளை. அதன் கீழே அச்சவேடு. ஏடு தொடங்கும் ஆறாம் வாரத்திலிருந்து முடிவுவரை ஒரு கட்டம்கூட விடாத கறுப்பு. சந்தனமாரி வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போன பிறகும் அது வெளுக்கவில்லை. செண்பகராஜன் அங்கேயும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜெயக்கனி மெதுவாகச் சொன்னாள். "மூடிருங்கம்மா. எங்களுக்கு அது வேண்டாம். எங்களுக்குப் பிள்ளையப் பிடிச்சிருக்கு, அது போதும்."

செண்பகராஜனும் திரும்பி, ஆமா, நேரமாச்சு, சும்மா ஒரு விதிக்காக எதுக்கு என்றார். அவர் இன்னும் எதையும் பார்த்திருக்கவில்லை. பெலிசிட்டாவின் கையைப் பார்த்தார், ஜெயக்கனியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

சந்தனமாரி தண்ணீர்ப் புட்டியை மேஜையின் மேல் வைத்தாள். காலையிலிருந்து அவள் யாரிடம் பேசுவதற்கு முன்னாலும் கணவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசியிருந்தாள். இப்போது பார்க்கவில்லை.

"மூட வேண்டாம் மதினி," என்றாள் ஜெயக்கனியிடம். "நான் சொன்னா எங்க அம்மாகூட நம்பல. மூணு வேளை சோறு போடுறாரே, உனக்கு என்ன கொறைன்னாக."

பிறகு பெலிசிட்டாவின் பக்கம் திரும்பினாள்.

"படிங்கம்மா. ஒவ்வொரு வாரமாப் படிங்க. எம்மகளும் கேக்கட்டும், அவுகளும் கேக்கட்டும்."

பூவிழி எழுந்து தன் நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெலிசிட்டா திரையிலிருந்து கையை எடுத்தார்.

"ஆறாம் வாரம்," என்று தொடங்கினார்.